ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டியில் செடி வளருமா?

கோடையில் வற்றத் தொடங்கும் கண்மாயின் ஓரத்தில் நின்று பார்த்திருப்பவர்களுக்கு, சேற்றில் தட்டுத் தட்டாகப் பதிந்திருக்கும் வட்டக் குழிகள் நினைவிருக்கும். அவை ஜிலேபி மீன் பறித்த குழிகள். ஆண் மீன் வாயால் மண்ணை அள்ளி அள்ளி அப்பால் துப்பிக் குழியை அமைக்கிறது. பெண் மீன் வந்து அதில் முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாயிலேயே எடுத்துக்கொண்டு அடைகாக்கிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீனின் பூர்வீகம் தென்கிழக்கு ஆப்பிரிக்கா, குடும்பம் சிக்லிட். கண்ணாடித் தொட்டியில் நீலமும் மஞ்சளுமாக நீந்தும் விலையுயர்ந்த ஆப்பிரிக்க சிக்லிட்டுகள் இதன் உறவினர்களே. நாம் செடி நட நினைக்கும் இடத்தில்தான் அவையும் பெரும்பாலும் குழி பறிக்க நினைக்கின்றன.

ஆப்பிரிக்க சிக்லிட் என்று மீன் கடைகளில் சொல்லும்போது, அது பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகளான மலாவி, டாங்கனிகா ஆகியவற்றின் மீன்களையும், அவற்றை அடுத்துள்ள விக்டோரியா ஏரியின் மீன்களையும் குறிக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கேமரூன் பகுதி ஓடைகளில் வாழும் கிரிபென்சிஸ் போன்றவையும் ஆப்பிரிக்க சிக்லிட்டுகள்தாம். ஆனால் அவை கால்சிய உப்புகள் குறைந்த மென்மையான நீரில், செடிகளின் நிழலில் வாழ்ந்து பழகியவை என்பதால், அவற்றின் தொட்டியில் செடி வைப்பதற்குத் தனி விளக்கம் தேவையில்லை. சிக்கல் முழுவதும் ஏரி மீன்களிடம்தான் இருக்கிறது.

இந்த மீன்களை வளர்க்கத் தொடங்குபவருக்கு இரண்டு வகையான அறிவுரைகள் கிடைக்கும். செடியே வைக்கக் கூடாது, கல்லும் மணலும் போதும் என்பது ஒன்று. அனுபியாஸ் என்னும் தடித்த இலைச் செடியை வாங்கிப் போடுங்கள், மீன் அதைத் தொடாது என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மை உண்டு என்றாலும், இரண்டுமே காரணத்தைச் சொல்வதில்லை. என் அனுபவத்தில், எந்தச் செடி என்ற கேள்வியை நான்காவதாகக் கேட்பதே சரி. இந்த மீனின் வாய் எதற்காக அமைந்தது, இது எங்கே குழி பறிக்கும், இந்தத் தண்ணீரில் செடிக்குக் கார்பன் எங்கிருந்து கிடைக்கும் என்னும் மூன்று கேள்விகள் அதற்கு முன்னால் வருகின்றன.

ஏரியிலிருந்தே தொடங்கலாம். மலாவி ஏரி 560 கிலோமீட்டருக்கும் மேல் நீளமும், ஆழமான இடத்தில் ஏறத்தாழ 700 மீட்டர் ஆழமும் கொண்டது. அதன் கரை எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. உருண்டைப் பாறைகள் குவிந்த கரைகள் உண்டு. நீண்ட மணல் கரைகளும், பாறையும் மணலும் கலந்த இடங்களும் உண்டு. அலை அதிகம் அடிக்காத விரிகுடாக்களில், சில மீட்டர் ஆழத்தில், வாலிஸ்னேரியா என்னும் ரிப்பன் போன்ற நீர்ப்புல் படுகை படுகையாக வளர்ந்திருக்கும் இடங்களும் உண்டு. மலாவியில் செடியே கிடையாது என்ற பேச்சு, கடைகளில் அதிகம் விற்கும் மீன்கள் பாறைக் கரையைச் சேர்ந்தவை என்பதால் உண்டானது. அவற்றை அங்குள்ள டோங்கா மொழியில் ம்புனா என்கிறார்கள். பாறை மீன் என்று பொருள். ம்புனா வாழும் பாறைகளுக்கு இடையே வேர் விட்டுச் செடி வளர இடமில்லை. ஆகவே செடி என்ற ஒன்றைத் தின்னாமல் விட்டுவைக்க வேண்டிய அவசியமும் அதற்கு நேர்ந்ததில்லை.

அதே ஏரியின் புல்படுகையில் வாழும் மீன்களின் நடத்தை வேறு. டிமிடியோகுரோமிஸ் கம்ப்ரசிசெப்ஸ் என்னும் மீன், கத்தியைப் போலப் பக்கவாட்டில் தட்டையானது. வாலிஸ்னேரியா இலைகளுக்கு நடுவே தலை கீழாகச் சாய்ந்து, இலையோடு இலையாக அசையாமல் நின்று, சிறு மீன்கள் அருகில் வரும்வரை காத்திருக்கிறது. ஹெமிட்டிலாப்பியா ஆக்சிரிங்கஸ் என்னும் இன்னொன்று, ஓர் இலையை வாயில் கவ்விக்கொண்டு அதன் நீளவாக்கில் இழுத்து, மேலே படிந்த பாசிப் படலத்தை மட்டும் வழித்துத் தின்கிறது. முருங்கைக்காயைப் பல்லிடுக்கில் வைத்து இழுத்து உண்பதைப் போன்ற வேலை அது. இலை பெரும்பாலும் சேதமின்றித் தப்பிவிடுகிறது.

பாறை மீனின் வாய் அப்படி அமைந்ததன்று. பாறைகளின் மேல் பாசியும், அதனுள் வாழும் நுண்பூச்சிகளும், அவற்றின் புழுக்களும் சேர்ந்து ஒரு மெல்லிய விரிப்பைப் போலப் படிந்திருக்கும். ஆவுஃப்வுக்ஸ் என்ற ஜெர்மன் சொல்லால் மீன் வளர்ப்பவர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இதைச் சுரண்டித் தின்பதற்காக ம்புனாவின் தாடையில் சிறு பற்கள் பல வரிசைகளாக, அரத்தைப் போல அமைந்திருக்கின்றன. லேபியோட்ரோஃபியஸ் இனத்தில் மூக்கு வாய்க்கு மேல் நீண்டு, வாய் அடிப்பக்கம் பார்த்திருப்பதால், உடலைப் பாறைக்கு இணையாக வைத்துக்கொண்டே அதனால் மேய முடிகிறது. இப்படிப்பட்ட வாயின் முன்னால் கபோம்பா போன்ற மெல்லிய இலையை வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் நான்கு அடித் தொட்டியில் முதன்முதலாக மூன்று கட்டுக் கபோம்பா நட்ட அன்று இரவு விளக்கை அணைக்கும் வரை மீன்கள் அதைச் சுற்றி வந்தனவே தவிர வாய் வைக்கவில்லை. மறுநாள் காலையில் நின்றிருந்தவை நூல் போன்ற தண்டுகள் மட்டுமே. இலைத் துணுக்குகள் எல்லாம் ஃபில்டரின் உறிஞ்சு வாயை அடைத்துக்கொண்டு கிடந்தன.

எல்லா ம்புனாவும் ஒரே அளவில் செடியை அழிப்பதில்லை. கடைகளில் எலெக்ட்ரிக் யெல்லோ என்று அழைக்கப்படும் லேபிடோகுரோமிஸ் செருலியஸ், பாறை இடுக்குகளில் சிறு உயிரிகளைத் தேடித் தின்னும் பழக்கமுடையது. செடியைச் சோதித்துப் பார்க்கும், ஆனால் விடாமல் மேயாது. அவுலோனோகாரா என்னும் பீக்காக் வகை, மணலுக்குச் சற்று மேலே அசையாமல் மிதந்து, உள்ளே புழு அசையும் அதிர்வைத் தலையிலுள்ள உணர் குழிகளால் உணர்ந்து, சட்டென்று வாயை மணலில் புதைக்கும் மீன். இலை அதற்கு உணவாகத் தோன்றுவதில்லை. டாங்கனிகா ஏரியின் ட்ரோஃபியஸ் முழுநேர மேய்ச்சல்காரன். அதே ஏரியின் ஜூலிடோகுரோமிஸ், பிரிச்சார்டி போன்றவை செடியைக் கண்டுகொள்வதே இல்லை எனலாம். எனவே செடியும் வேண்டும், ஏரி மீனும் வேண்டும் என்று விரும்பும் புதியவருக்கு, பீக்காக் அல்லது எலெக்ட்ரிக் யெல்லோவிலிருந்து தொடங்குமாறு சொல்வேன்.

இலையைத் தின்னாத மீனும் செடியைப் பிடுங்கிவிட முடியும். டாங்கனிகாவில் காலி நத்தைக் கூடுகளுக்குள் குடும்பம் நடத்தும் மல்டிஃபாசியேட்டஸ் என்ற மீன், முழு வளர்ச்சியில் ஐந்து சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டால், கூடுகளைச் சுற்றியுள்ள மணலை வாய் வாயாக எடுத்து அப்பால் கொட்டி, சில வாரங்களில் தொட்டித் தரையின் மேடு பள்ளங்களையே மாற்றிவிடும். அங்கே நட்ட செடி ஒருநாள் வேரோடு மிதக்கும். இதற்கு எதிராகச் செடியை ஆழமாக நடுவதால் பயனில்லை. ஆழமாக நட்டால் ஆழமாகப் பறிப்பார்கள். வேரைச் சுற்றி உள்ளங்கை அளவுள்ள தட்டைக் கற்களை அடுக்கி வைப்பதும், செடியை மண்சட்டியில் நட்டுச் சட்டியையே மணலுக்குள் இறக்கி மேலே கூழாங்கல் பரப்புவதும் பலன் தருகின்றன. இன்னும் எளிய வழி, மண்ணே தேவைப்படாத செடியைத் தேர்ந்தெடுப்பது.

மூன்றாவது கேள்வியான கார்பனைப் பற்றித்தான் பலர் யோசிப்பதில்லை. மீன் தொடாமல் விட்ட செடிகூட ஏன் மெல்ல மெல்ல இளைத்து மறைகிறது என்பதற்குப் பெரும்பாலும் விடை இதில் இருக்கிறது. நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு மலாவி ஏரியில் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். டாங்கனிகாவில் அது 9-ஐ ஒட்டி இருக்கும். நீரில் கரைந்துள்ள கார்பன், பி.எச். குறைவாக இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடாகவும், பி.எச். ஏற ஏறப் பைகார்பனேட்டாகவும் இருக்கிறது. கார்பனேட் கடினத்தன்மை (நீரில் உள்ள பைகார்பனேட்டைக் காட்டும் அளவு) 8 டிகிரியும் பி.எச். 8.2-உம் உள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டால், அதன் ஒரு லிட்டர் நீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒன்றரை மில்லிகிராம்தான் இருக்கும். பைகார்பனேட்டோ 170 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். செடித் தொட்டி வளர்ப்பவர்கள் சிலிண்டர் வைத்துக் குறி வைக்கும் அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு என்பதை நினைத்தால், இந்தத் தொட்டியில் செடி எவ்வளவு வறுமையில் வாழ்கிறது என்பது விளங்கும்.

அப்படியானால் சிலிண்டர் வைத்துவிடலாமே என்று தோன்றும். மேற்சொன்ன தொட்டியில் 30 மில்லிகிராம் வரை கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால், பி.எச். 8.2-லிருந்து 7-க்குக் கீழே இறங்கிவிடும். விளக்கோடு சேர்த்துச் சிலிண்டரையும் இரவில் நிறுத்தினால் மீண்டும் மேலேறும். நாள்தோறும் இந்த ஏற்ற இறக்கம் ஏரி மீனுக்கு ஏற்றதன்று. மீனுக்காக அமைத்த நீரைச் செடிக்காகக் கெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறொரு வழியைச் சில செடிகளே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட் போன்ற கடின நீர்ச் செடிகள், பைகார்பனேட்டையே உடைத்து அதிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ள வல்லவை. அந்த வேலையின்போது இலையின் மேல்பரப்பில் சுண்ணாம்பு படிவதும் உண்டு. ஏரியின் விரிகுடாக்களில் வாலிஸ்னேரியா செழிப்பதற்கான காரணத்தில் இதுவும் அடங்கும். ஜாவா மாஸ் போன்ற மாஸ் வகைகளும் பெரணி வகைகளும் பொதுவாக இந்தத் திறன் இல்லாதவை. ஜாவா ஃபெர்னும் அனுபியாஸும் இந்த வறுமையில் உயிர் வாழ்வது வேறு காரணத்தால்: அவற்றின் தேவையே குறைவு. மாதத்துக்கு ஓரிரு இலை விடும் செடிக்கு ஒன்றரை மில்லிகிராமும் போதுமானதாகிவிடுகிறது. சிவப்பு இலைச் செடிகளும் தரையில் கம்பளம் போலப் படரும் செடிகளும் பெரும்பாலும் இந்த இரண்டு வகையிலும் சேராதவை. அவற்றை வாங்குவது வீண் செலவு.

தமிழ்நாட்டில் பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் இயல்பாகவே கடினமானது என்பதால், ஏரி சிக்லிட் வளர்ப்பவர்களுக்கு அது ஒரு வசதி. ஆனால் டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து நிறைவடைய வேண்டாம். அந்த எண்ணில் சமையல் உப்பும் சேர்ந்தே கணக்காகிறது. மீனுக்கும் வாலிஸ்னேரியாவுக்கும் வேண்டியது கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டும். கார்பனேட் கடினத்தன்மையைச் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இனிச் செடிகளுக்கு வரலாம். அனுபியாஸ், மேற்கு ஆப்பிரிக்க ஓடைக்கரைச் செடி. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. சேப்பங்கிழங்கையும் கருணைக்கிழங்கையும் சரியாக வேகவைக்காமல் தின்றால் தொண்டை அரிக்குமே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இந்தக் குடும்பம் முழுவதும் பரவலாக உள்ளன. தோல் போன்ற தடித்த இலையோடு இந்த அரிப்பும் சேர்ந்துதான் மீன்களை விலக்குகிறது என்று கொள்ளலாம். என் தொட்டியில் எலெக்ட்ரிக் யெல்லோ ஒன்று அனுபியாஸ் இலையின் ஓரத்தைக் கவ்வி, ஒரு நொடி நிறுத்தி, துப்பிவிட்டுப் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதிதாக விரியும் இளந்தளிர் மட்டும் மென்மையாக இருப்பதால் சில சமயம் ஓட்டை விழும். முற்றிய பிறகு அந்த இலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அனுபியாஸை நடும் முறையில்தான் தவறு நேர்கிறது. நான் முதலில் வாங்கியபோது, கடைக்காரர் அதை மணலில் நன்றாகப் புதைக்கச் சொன்னார், புதைத்தேன். ஐந்தாறு வாரங்களில் இலைகள் ஒவ்வொன்றாகக் காம்போடு கழன்றன. தோண்டிப் பார்த்தால், இஞ்சியைப் போலக் கிடைமட்டமாக ஓடும் அதன் தண்டு கொழகொழத்து நாறியது. அந்தத் தண்டு நீரில் வெளியே தெரிய வேண்டும். வேர்கள் மட்டும் எதையாவது பற்றிக்கொள்ளும். இப்போது நான் செய்வது: கருங்கல்லின் சொரசொரப்பான பக்கத்தைத் துணியால் துடைத்து, ஜெல் வடிவச் சயனோஅக்ரிலேட் பசையை உளுந்தளவு இரண்டு இடத்தில் வைத்து, வேர்ப் பகுதியை அதில் அழுத்தி, அரை நிமிடம் பிடித்திருந்துவிட்டுத் தண்ணீரில் இறக்குவேன். நீர் பட்டதும் பசை வெள்ளையாகக் கெட்டிப்படும். சில மாதங்களில் வேர் கல்லைப் பற்றியபின் அந்த வெள்ளை கண்ணில் படாது. பருத்தி நூலால் கட்டலாம், ஆனால் ம்புனாக்கள் நூலில் படியும் பாசியைச் சுரண்டியே நூலை அறுத்துவிடுகின்றன.

ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான். அதன் இலையின் அடியில் கறுப்புப் புள்ளிகள் தோன்றினால் நோய் என்று அஞ்சி வெட்டிவிடுபவர்கள் உண்டு. அங்கிருந்துதான் பெரும்பாலும் குட்டிச் செடிகள் முளைக்கின்றன.

வாலிஸ்னேரியா பீக்காக் தொட்டிக்கும் டாங்கனிகா தொட்டிக்கும் உகந்தது. அதை வெறும் தொட்டியில் நட்டு, ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ வேரோட விட்டு, ஓடுதண்டு வழியாகப் பக்கக் கன்றுகள் வந்த பிறகே மீன்களை விட வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நட்டால், வேர் பிடிக்கும் முன்பே பிடுங்கப்படும் வாய்ப்பு அதிகம். நடும்போது வேரும் இலையும் சந்திக்கும் வெண்ணிறக் கழுத்துப் பகுதி மணலுக்கு மேலே இருக்க வேண்டும். திரவக் கார்பன் என்று விற்கப்படும் குளூட்டரால்டிஹைடு கரைசல்களை இந்தச் செடி பொறுப்பதில்லை, இலைகள் கரைந்துவிடும்.

கிரிப்டோகோரைன் வகைகளும் சேம்புக் குடும்பமே. அவற்றில் கிரிப்டோகோரைன் வெண்ட்டி இலங்கைக்கே உரிய செடி. கடின நீரையும் ஓரளவு தாங்குகிறது. இடம் மாற்றினால் இருக்கும் இலைகள் எல்லாம் உருகிப்போய்ப் பிறகு வேரிலிருந்து துளிர்க்கும் இயல்புடையது என்பதால், மணலைக் கிளறும் மீன்களோடு அதற்கு ஒத்துவராது. ஹார்ன்வொர்ட்டை ம்புனா தின்னும். அது வளர்கிற வேகத்தில் தின்னட்டும் என்று வாரம் ஒரு பிடி போடுபவர்களும் இருக்கிறார்கள். மோசமான யோசனை அன்று. பசித்த மீனுக்குக் கீரையும் கிடைத்தாயிற்று.

செடியைப் பற்றிய பேச்சில் தீவனத்தையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ம்புனாவுக்கு ஸ்பைருலினா என்னும் நுண்பாசி கலந்த தாவரத் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்துக் கொடுத்தால், செடியின் மேல் அதன் நாட்டம் குறைகிறது. கொதிநீரில் நனைத்த பாலக்கீரையை இடுக்கியில் மாட்டி வைப்பதும் உதவும்.

மண்ணும் வேண்டாம், கார்பன் கவலையும் வேண்டாம் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது, வீட்டு வாசலில் தொங்கும் மணி பிளாண்ட். தொட்டியின் மேலே அல்லது விளிம்பில் மாட்டும் ஃபில்டர் பெட்டிக்குள் அதன் வேர்களை மட்டும் நனைய விட்டு, இலைகளைக் காற்றில் படர விட வேண்டும். கார்பனை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால், நீரின் பி.எச். அதன் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவதில்லை. மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்கிறது. ஏரி சிக்லிட் தொட்டிகளில் சண்டையைக் குறைப்பதற்காக மீன்களைச் சற்று நெருக்கமாகவே வைப்பது வழக்கம் என்பதால், கழிவு அதிகம். அங்கே இந்தச் செடி செய்யும் வேலை சிறியதன்று. நீர் மாற்றுவதற்கு அது மாற்று ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அழுகும் இலையை உடனே எடுத்துவிடும் பழக்கம் இந்தத் தொட்டிகளில் மிக அவசியம். இலை அழுகும்போது நீரில் சேரும் அம்மோனியா, அமோனியம் என்ற அதிகத் தீங்கற்ற வடிவிலும், அம்மோனியா என்ற நச்சு வடிவிலும் இருக்கிறது, பி.எச். ஓர் அலகு ஏறினால் நச்சு வடிவின் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது. 7 பி.எச். உள்ள தொட்டியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அழுகல், 8.3-இல் மீனைக் கொல்லக்கூடும்.

நட்ட பிறகு செடி சரியாக இல்லையென்றால், மீனைக் குற்றம் சொல்லும் முன் இலையைக் கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் அரைவட்டமாகக் கடிபட்டிருந்தால் மேய்ச்சல். தீவனத்தை மாற்றலாம், அல்லது மீனை மாற்றலாம். செடி முழுதாக, இலையில் ஒரு கீறலும் இல்லாமல் மிதந்தால் அது குழி பறித்தவன் வேலை. கல் அடுக்க வேண்டும். புதிய இலைகள் மட்டும் நரம்பு பச்சையாகவும் இடைவெளி வெளிறியும் வந்தால் இரும்புப் பற்றாக்குறை, பி.எச். 8-க்கு மேல் இரும்பு செடிக்கு எளிதில் கிடைக்காத வடிவுக்கு மாறிவிடுவதால், ஒரே தடவையில் அதிகம் ஊற்றாமல் அடிக்கடி சிறிதளவாக உரம் கொடுப்பது நல்லது. இலையை விரலால் தடவும்போது மெல்லிய மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருந்து, நகத்தால் சுரண்டினால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தால், அது சுண்ணாம்பு. வாலிஸ்னேரியாவில் அதைக் கண்டால் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த நீரிலிருந்து தனக்கு வேண்டிய கார்பனை எடுக்க அது கற்றுக்கொண்டுவிட்டது.